யன்னலையும் சேர்த்து எடுங்கோ

இந்தக் கிழமை பொட்காஸ்டில போன் கமரா பற்றிக் கதைச்சம். அதுக்கு ஒரு சின்னப் பயிற்சி: யன்னலுக்கால தெரியிற ஊரைக் கறுப்பு வெள்ளையில எடுக்கிறது.

ரொபேர்ட் ஃபிராங்க் 1924இல் சூரிச்சில் பிறந்தவர். தகப்பன் ஜெர்மன் யூதர். நாஜிகள் குடியுரிமையைப் பறித்ததால் நாடற்றவர் ஆனார். இங்கேயே பிறந்த மகனும் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தது. எங்களில பலருக்குத் தெரிஞ்ச கதைதானே?

1947இல் அவர் நியூயோர்க் போனார். 1956இல் மொன்டானா மாநிலத்தின் பியூட் என்ற சுரங்க நகரில், ஹோட்டல் யன்னலால் ஒரு படம் எடுத்தார். வெளியில் மங்கலான கூரைகள். இரண்டு பக்கமும் மெல்லிய கர்ட்டின். அதை அவர் படத்துக்குள்ளேயே விட்டார். அதால ஊர் மட்டுமில்லை, உள்ளுக்க நிண்டு பாக்கிற ஒரு ஆளும் இருக்கிறது தெரியுது.

இனி நீங்கள்:

1. அறை லைட்டை நிப்பாட்டுங்கோ. கண்ணாடியில உங்கட முகம் விழாது. ஒரு அடி பின்னுக்கு வாங்கோ. யன்னல் சட்டமும் வரட்டும்.

2. இருண்ட அறையைப் பார்த்துப் போன் வெளிச்சத்தைக் கூட்டும். வானம் வெறும் வெள்ளையாப் போயிடும். ஸ்கிரீனில வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறையுங்கோ.

3. கலர்ல எடுத்துப் பிறகு மாத்துங்கோ. வழக்கமான கணக்கில் பச்சைக்கு ஏறத்தாழ 59%, சிவப்புக்கு 30%, நீலத்துக்கு 11% மட்டுமே. அதாலதான் சூரிச்சின் நீல ட்ராம் இருண்டு விழும். எடிட்டிங்கில நீலத்தைக் கூட்டினா வெளிக்கும்.

எங்க தொடங்கிறது? அம்மா அப்பாவைக் கேளுங்கோ, இந்த நாட்டுக்கு வந்து முதல் வெளியில எட்டிப் பார்த்தது எந்த யன்னலால எண்டு.