வெள்ளைப்படுதல் – எது இயல்பு, எது நோய்?

35 ஆண்டுகள் ரயில்வேயில் வேகன் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமோ படித்த மெக்கானிக்கல் ஆள். பெண்களின் உடல்நலம் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கணவன் என்ற தகுதி ஒன்றுதான். எழுதச் சொன்னதும் என் மனைவிதான்.

2012-ஆம் ஆண்டு நாங்கள் நாக்பூரில் இருந்தோம். அவளுக்கு வயது 51. மாதவிலக்கு நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது இளஞ்சிவப்பாக நீர் போல் கசிவு தொடங்கியது. நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த இந்தி காய்கறி வாங்கும் அளவுதான். டாக்டரிடம் நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். என்னிடமே சொல்லக் கூச்சம். கடைசியில் ஊரிலிருக்கும் தங்கையிடம் போனில் சொல்லியிருக்கிறாள். "அத்தான், அக்காவை நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று மைத்துனி என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

பேரிங் சூடானால் இந்தியில் ஒரு மணி நேரம் விளக்குவேன். அன்று டாக்டர் முன் எனக்கு நாக்கு எழவில்லை. பரிசோதனையில் கர்ப்பப்பையின் உட்சுவரில் தொடக்க நிலைப் புற்றுநோய் என்று தெரிந்தது. கர்ப்பப்பையை அகற்றினார்கள். இன்று நலமாக இருக்கிறாள். இன்னும் நான்கு மாதம் மறைத்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

இயல்பான கசிவு

எல்லா வெள்ளைப்படுதலும் நோயல்ல. எந்திரத்துக்கு எண்ணெய் போல, பெண்ணுறுப்பு ஈரமாகவும் சுத்தமாகவும் இருக்க உடலே சுரக்கும் நீர் அது. அங்கு வாழும் நல்ல நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, தீய கிருமிகளை அண்டவிடாமல் காக்கின்றன.

இயல்பான கசிவு நிறமற்றோ வெள்ளையாகவோ இருக்கும். துர்நாற்றம், அரிப்பு இராது. இரு மாதவிலக்குகளுக்கு இடையே, கருமுட்டை வெளிப்படும் நாட்களில், முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும். பிறகு கெட்டியாகும். கர்ப்ப காலத்தில் கூடுதலாகும். பூப்படைவதற்குச் சில மாதங்கள் முன்பே சிறுமிகளுக்கு வரலாம். இதைக் கண்டு "எலும்பு உருகுகிறது", "உடம்பு தேய்கிறது" என்று பயமுறுத்துவது தவறு.

எது நோய்?

1. தயிர்த் திரி போல வெள்ளையாக, கடும் அரிப்புடன் வந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பின்பும், கர்ப்பிணிகளுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். அடிக்கடி வந்தால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

2. சாம்பல் கலந்த வெள்ளையாக, நீர்த்து, மீன் வாடையுடன் வந்தால் நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து மற்றவை பெருகியிருக்கலாம்.

3. மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில், நுரையுடன் நாற்றமடித்தால் டிரைகோமோனாஸ் என்ற கிருமியாக இருக்கலாம். இது உடலுறவால் பரவுவது. கணவருக்கும் சேர்த்து மருந்து தர வேண்டும். மனைவி மட்டும் மாத்திரை சாப்பிட்டால் நோய் திரும்பிவிடும்.

பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும் மருந்து வேறு வேறு. எனவே மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசாதீர்கள்.

சிவப்பு சிக்னல்

மாதவிலக்கு நின்றபின் ஒரு துளி ரத்தமோ, பழுப்போ இளஞ்சிவப்போ ஆன கசிவோ கண்டால் தாமதிக்கவே கூடாது. எல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் பார்த்துத்தான் சொல்ல முடியும். உடலுறவுக்குப் பின் ரத்தம், அடிவயிற்று வலியுடன் காய்ச்சல், கர்ப்பிணிக்குத் திடீரென நீர் ஒழுகுதல், பூப்படையாத சிறு குழந்தைக்கு நாற்றமுள்ள கசிவு ஆகியவையும் இப்படித்தான்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தனி. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதற்கான சோதனை செய்ய வேண்டும் என்று 2016-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது.

அன்றாடக் கவனம்

வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே சோப்போ கிருமிநாசினியோ விட்டுக் கழுவினால் காவலிருக்கும் நுண்ணுயிர்களும் அழியும். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்யவும். பருத்தி உள்ளாடையை வெயிலில் உலர்த்தி அணியவும். வெட்கப்பட்டு இருட்டு மூலையில் ஈரமாகப் போட்டு வைக்க வேண்டாம்.

மொழி தெரியாத சகோதரிகளுக்கு

இந்தச் சொற்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளைப்படுதல் – சஃபேத் பானி, அரிப்பு – குஜ்லி, எரிச்சல் – ஜலன், துர்நாற்றம் – பத்பூ, ரத்தம் – கூன். எத்தனை நாளாக, என்ன நிறம் என்பதையும் குறித்துச் செல்லுங்கள். கணவர் வர வேண்டாம் என்றால் பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சகோதரியை அழைத்துப் போங்கள்.

ஆண்களுக்கும் ஒன்று சொல்வேன். ஊரில் இருந்தால் தாயோ அக்காவோ கேட்டிருப்பார்கள். இங்கே அவளுக்கு நாம்தான் எல்லாம். இன்றிரவே கூச்சத்தை விட்டு மனைவியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.