கைவந்தது

அன்புள்ள தம்பிக்கு,

திருவரங்குளம் கோயில் கச்சேரி முடிந்ததும் ஒரு பெரியவர் உன் தோளைத் தட்டி, "மிருதங்கம் உனக்குப் பிறவியிலேயே இருக்கப்பா" என்றார். நெளிந்தாய். ஆனால் போன வாரம் போனில், "சாதகத்தைக் கொஞ்சம் குறைச்சிருக்கேன் சார், இயல்பா வர்றது கெட்டுடக் கூடாதுல்ல" என்றாய். அந்த 'இயல்பு' என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இயல்பு என்பதற்குப் பதிலாகச் சகஜம் என்றும் சொல்கிறோமே, வடமொழியில் அதற்குக் கூடவே பிறந்தது என்று பொருள். நம் வாயில் அது 'வழக்கமாக நடப்பது' ஆகிவிட்டது. மின்வெட்டு சகஜம், பஸ் தாமதம் சகஜம். இயல்பு இன்னும் நுட்பமான சொல். நன்னூலில் இயல்பு வழக்கு மூன்று வகை. இலக்கணம் பிசகாத சொல், முன்பின் மாறி நிற்கும் இலக்கணப்போலி, மூன்றாவது மரூஉ. நாக்கில் புழங்கிப் புழங்கி உருமாறியது அது. புதுக்கோட்டை, 'புதுகை' ஆன மாதிரி. தேய்ந்து வேறாகிப்போன சொல்லையும் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இயல்பில்தான் சேர்த்தார்.

உன் கையைப் பார். டீக்கடை மேசையில் சும்மா தட்டினாலும் ஆள்காட்டி விரல் 'நம்' போடுகிறது. மிருதங்கத்தின் கறுப்புக் கரணையே இல்லாத அந்தப் பலகையில் மோதிர விரல் பட்டும் படாமல் உட்கார்ந்திருக்கிறது. இதுவா பிறவி? முதல் ஆறு மாதம் அந்த விரல் கொக்கு மாதிரி தூக்கிக்கொண்டே நின்றது. பென்சிலால் தட்டித் தட்டி நான்தான் இறக்கினேன்.

மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கு (1908–1962) பிறவியிலேயே வந்தது இடக்கை வாட்டம். அதுவே தடையானது. பாடகரின் வலப்பக்கம் அமர்ந்தால் மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்காது. இடப்பக்கம் அமர வேண்டுமானால் வயலின்காரர் இடம் மாற வேண்டும். அவர் கையில் பேசிய பாடமோ, தந்தை முத்தையா பிள்ளை வழியாகப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடமிருந்து இறங்கி வந்தது. விளக்குத் தூக்கும் வேலை பார்த்த மான்பூண்டியா பிள்ளையும் மாரியப்பத் தவில்காரரிடம் போய்க் கற்றவர்தான்.

உன்னோடு கூடப் பிறந்தது எது, சொல்லட்டுமா? ஓட்டம். தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது மூன்றாவது சுற்றிலேயே காலம் ஏறிவிடுகிறது. கோயில் கச்சேரியன்று பாடகர் தொடையில் தாளத்தை அழுத்தி அழுத்திப் போட்டாரே, கவனித்தாயா? உன்னை இழுத்துப் பிடிக்கத்தான் அது. அந்த ஓட்டம் மட்டும்தான் உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வா. ஆதி தாளம், சவுக்க காலம், ஒரு மணி நேரம் தகதிமி மட்டும். மிருதங்கத்தின் தொப்பிக்கு ரவை நானே பிசைந்து வைக்கிறேன்.

உன் வாத்தியார்