ஏலத்தில் ஒரு றலி

கேள்வி: அப்பா பருத்தித்துறையில் ஓடிய றலி சைக்கிளைப் போல ஒன்று வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஈபேயில் ஏலம் கேட்கிறேன். இரண்டு தடவையும் கடைசி ஐந்து விநாடி வரை நான்தான் முன்னுக்கு நின்றேன். முடிகிற நேரம் பார்த்து யாரோ வந்து, இரண்டே இரண்டு பவுண்ஸ் கூட்டிக் கொண்டு போய்விட்டார். இது ஏமாற்று இல்லையா? அடுத்த தடவை என்ன விலையானாலும் விடுவதில்லை என்று இருக்கிறேன். மகன் சிரிக்கிறான்.
– க. சி., ஹரோ, லண்டன்

பதில்: மகன் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. முதலில் அந்த இரண்டு பவுண்ஸைப் பார்ப்போம்.

ஈபேயில் நீங்கள் போடுகிற தொகை அப்படியே விலையாகிவிடாது. அது உங்கள் உச்ச வரம்பு. ஈபே அதை வெளியே காட்டாமல் வைத்துக்கொண்டு, எதிராளியைத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் உங்கள் பேரில் கூட்டும். உங்கள் வரம்பு 118 பவுண்ஸ் என்று வையுங்கள். வந்தவர் 200 போட்டிருந்தாலும் திரையில் 120 என்றுதான் விழும், ஏனென்றால் அந்த விலையில் ஒரு படி 2 பவுண்ஸ். இன்னும் 2 போட்டிருந்தால் எனக்குத்தான் என்று இரவெல்லாம் புரண்டிருப்பீர்கள். உண்மையில் நீங்கள் தாண்ட வேண்டியிருந்தது அவருடைய 200-ஐ. அவ்வளவு கொடுத்திருப்பீர்களா?

கடைசி விநாடியில் வருவதை ஈபே தடுக்கவில்லை. குறித்த நேரத்தில் ஏலம் முடியும் என்பது அங்கே விதி, அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அமேசானும் ஒரு காலத்தில் ஏலம் நடத்தியது. அங்கே முடிவு நேரம் நெருங்கும்போது யாராவது கேட்டால், தொடர்ந்து பத்து நிமிடம் யாரும் கேட்காமல் இருக்கும் வரை ஏலம் நீளும். ஆல்வின் ராத், ஆக்சல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளியலாளர்கள் இரண்டு தளங்களையும் ஒப்பிட்டு 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடைசி நேர நெரிசல் ஈபேயில்தான் மிக அதிகம் என்று கண்டார்கள்.

பிந்தி வருபவருக்கு என்ன லாபம்? உங்களைப் போல 5, 10 என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறவர்கள்தான் அவருடைய லாபம். ஒருவர் முந்தினால் உடனே பதிலுக்குக் கூட்டுவீர்கள். அந்தப் பதிலுக்கு அவர் நேரம் விடுவதில்லை. உங்கள் உண்மையான வரம்பை ஆரம்பத்திலேயே முழுதாகப் போட்டிருந்தால், கடைசி விநாடிக்காரரால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. அவருடைய வரம்பு உங்களுடையதைவிட உயர்ந்திருந்தால் மட்டும் வெல்வார். அப்படி வென்றால் அந்தச் சைக்கிள் அவருக்குத்தான் சேர வேண்டும். வெல்பவர் இரண்டாமவரின் விலையைக் கொடுக்கிற ஏலத்தில், மனதில் உள்ள மதிப்பை அப்படியே போடுவதைவிடச் சிறந்த உபாயம் இல்லை என்று பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இலேயே காட்டிவிட்டார். 1996-இல் நோபல் பரிசு அறிவித்த சில நாளில் மனுஷன் காலமாகிவிட்டார். ஈபே அவர் சொன்ன முறைக்கு மிக அருகில் இருக்கிறது.

ஆனால் மனதில் உள்ள மதிப்பு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? சிக்கல் இங்கேதான். மூன்று நாள் முன்னுக்கு நிற்கும்போதே சைக்கிள் நமதாகிவிடுகிறது. கராஜில் இடம் ஒதுக்கிவிடுகிறோம். பிறகு ஒருவர் முந்தினால், நம் வீட்டுப் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதாகத் தோன்றுகிறது. போட்டியும் கடிகாரமும் சேர்ந்தால் மூளை சூடேறும். சிகாகோவில் 1999-இல் தெருக்களில் வைத்திருந்த கண்ணாடியிழைப் பசுக்களை ஏலம் விட்டார்கள். அதையும் அதுபோன்ற பசு ஏலங்களையும் ஆராய்ந்தவர்கள் இதை ‘ஏலக் காய்ச்சல்’ என்றே அழைத்தார்கள். பிளாஸ்டிக் பசுவுக்கே அந்தப் பாடு என்றால் அப்பாவின் சைக்கிளுக்குக் கேட்க வேண்டாம்.

ஆகவே விலையை ஏலத்துக்கு வெளியே முடிவு செய்யுங்கள். விற்பவர்கள் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், அது ஆசை. தேடலில் ‘விற்று முடிந்தவை’ என்ற வடிகட்டி இருக்கிறது, அதில் உண்மையில் கைமாறிய விலை தெரியும். அதிலிருந்து டயர், பிரேக் கட்டை, செயின், போய் எடுத்துவரும் செலவு எல்லாவற்றையும் கழியுங்கள். பிறகு, அப்பாவுக்கென்று ஒரு தொகை கூட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தொகையைக் காலையில் தேநீரோடு இருந்து எழுதி வையுங்கள், கடைசி நிமிடத்தில் எழுதக்கூடாது. 120 என்று முழு எண்ணாகப் போடாமல் 121.37 போடுங்கள். ஒரே தொகையை இருவர் போட்டால் முந்திப் போட்டவருக்குத்தான் போகும், பலரும் முழு எண்ணில்தான் நிற்பார்கள். கடைசிப் பத்து விநாடியில் ஒரு தடவை போட்டுவிட்டுத் திரையை மூடுங்கள். உங்கள் சுபாவத்துக்கு அதுதான் சரி.

றலி என்றதும் கை நீட்டவும் வேண்டாம். ‘ஐம்பதுகளில் செய்தது’ என்று விற்பவர் எழுதியிருப்பார். பின்சக்கரத்தில் மூன்று கியர் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப் இருந்தால், ஆரக்கம்பிகளுக்கு நடுவே, எண்ணெய் விடும் மூடிக்குப் பக்கத்தில் துடைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்துகளோடு ஆண்டும் மாதமும் பெரும்பாலும் பொறித்திருக்கும். 68 என்று இருந்தால் அது 1968-இன் ஹப். சக்கரம் பின்னால் மாற்றியதாகவும் இருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள், பேரம் பேச உதவும். சீற்றுக் கம்பி ஏறி இறங்குகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். துருவில் இறுகிப்போன கம்பியைக் கழற்றுவது பெரிய பாடு. நொட்டிங்காமில் செய்த பழைய றலிகளில் பெடல் அச்சுக்கு அவர்களுடைய தனி மரை, அங்குலத்துக்கு 26. மற்றக் கம்பனிகளின் சாமான் அதில் ஏறாது.

ஒரு நல்ல செய்தி: கம்பிப் பிரேக் வைத்த பெரிய றலிக்கு 28-க்கு ஒன்றரை டயர் வேண்டும். இங்கே தேடி அலைய வேண்டியதை இந்தியாவில் சாதாரண சைக்கிள் கடையிலேயே வாங்கலாம். சென்னைக்குப் போகிறவர் யாரிடமாவது இரண்டு சொல்லிவிடுங்கள்.

கேள்வி: லெஸ்டரில் படிக்கிறேன். கல்லூரிக்குப் போய்வர ஒரு சைக்கிள் வேண்டும். 99 பென்ஸில் தொடங்கும் ஏலங்களைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. ஆனால் திருட்டு சைக்கிளாக இருக்குமோ என்று பயம்.
– மாணவர், சொந்த ஊர் தஞ்சாவூர்

பதில்: பயம் நல்லது, தம்பி. பிரிட்டனில் திருட்டுப் பொருளைத் தெரியாமல் வாங்கினாலும் அது உங்களுக்குச் சொந்தமாகாது. உரியவர் கண்டுபிடித்தால் சைக்கிளும் போகும், பணமும் போகும். பெடல் அச்சுக்கு அடியில் சட்டத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, போலீசாரும் பயன்படுத்தும் பைக்ரெஜிஸ்டர் தளத்தில் போட்டுப் பாருங்கள். காசு கேட்கமாட்டார்கள். எண்ணைத் தர மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

99 பென்ஸ் என்பது வாசலில் வைக்கிற கோலம். குறைந்த விலை கூட்டத்தைச் சேர்க்கும், கூட்டம் விலையை ஏற்றும். அனுப்பும் செலவைத் தனியாகக் காட்டினால் அதைக் கணக்கில் சேர்க்க நாம் மறந்துவிடுகிறோம் என்பதையும் 2006-இல் வந்த ஓர் ஈபே ஆய்வு காட்டியது. சைக்கிளைப் பெட்டியில் கட்டி அனுப்புவது லேசான செலவில்லை. லெஸ்டரைச் சுற்றியுள்ள ஊர்களில், ‘நேரில் வந்து எடுக்கவும்’ என்று போட்டிருப்பவற்றை மட்டும் பாருங்கள். தூரத்தில் இருப்பவர்கள் வரமாட்டார்கள், போட்டியும் குறையும். உங்கள் உயரத்துக்குச் சட்டத்தின் அளவு பொருந்தாவிட்டால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: உணர்ச்சிவசப்பட்டு அதிகமாகக் கேட்டுவிட்டேன். ஏலம் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. விலகலாமா?
– பெயர் வேண்டாம், பர்மிங்காம்

பதில்: மனம் மாறியது என்பதைக் காரணமாக ஈபே ஏற்காது. தொகையைத் தவறாகத் தட்டியிருந்தால், விற்பவர் விவரத்தைப் பெரிதாக மாற்றியிருந்தால், அவரைத் தொடர்புகொள்ளவே முடியாவிட்டால் திரும்பப் பெறலாம். கடைசி 12 மணி நேரத்துக்குள் போட்ட தொகையை, போட்ட ஒரு மணி நேரத்துக்குள்தான் திரும்பப் பெற முடியும். விற்பவருக்கு உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள், நல்லவராக இருந்தால் அவரே உங்கள் தொகையை நீக்கிவிடலாம். நீக்காவிட்டால், வென்றால் காசைக் கட்டத்தான் வேண்டும்.