கல்லடைப்பும் கல்லீரலும்

சிறுநீரகக் கல்லால் வரும் நோயைச் சித்த மருத்துவர் 'கல்லடைப்பு' என வழங்குவர். அக்கல்லை அகற்றுங்கால் கல்லீரலையும் ஆராய்வது ஏன் என வினவலாம். விடை குருதியில் உள்ளது.

குருதி உறைதற்குரிய புரதங்களுள் பெரும்பாலானவற்றை ஆக்குவது கல்லீரலே. அது தழும்பேறிச் சுருங்கின் அப்புரதங்கள் குறையும். மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைத் தேக்கிக்கொள்ளும். சிறுநீரகமோ குருதி மிகப் பாயும் உறுப்பு. ஆதலின், 1976இல் அறிவிக்கப்பெற்ற முதுகுவழித் துளை முறையிலும், 1980இல் மியூனிக் நகரில் தொடங்கிய அதிர்வலை முறையிலும் இந்நோயாளர்க்குக் குருதிப்போக்கு அஞ்சத்தக்கது. சிறுநீர்வழியே நுண்குழாய் செலுத்தி லேசரால் கல்லைப் பொடித்தல் ஒப்புநோக்க இடர் குறைந்தது. எனினும், மயக்கமருந்தாலும் நோய்த்தொற்றாலும் வரும் இடர் எம்முறையிலும் உண்டு. டைக்ளோஃபெனாக் போன்ற வலிநீக்கிகளும் இவர்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

கல்லீரல் நோய் என்றாலே மதுவின் விளைவு எனக் கருதி, அப்பழிக்கு அஞ்சி அதனை மறைப்போர் நம்மிடையே உளர். மதுவைத் தீண்டாதார்க்கும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளாலும் நீரிழிவோடு கூடிய கொழுப்பாலும் அந்நோய் வரும். முன்பு வந்த மஞ்சட்காமாலையையும் மருத்துவரிடம் நாம் சொல்லிவிடல் வேண்டும். சொன்னால் குருதியைச் சோதித்து, ஏற்ற முறையைத் தேர்வர். மறைத்தால் அறுவை மேசையிலேயே அது வெளிப்படும். அப்போது காலம் கடந்திருக்கும்.