ஒப்பந்தக்காரரும் உரிமமும்

ஒப்பந்தத் தொழில் நடத்த முதலும் ஆள்பலமும் இருந்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். கூலிக்குப் பொறுப்பாளர் இன்னார் என்பது அரசின் ஏட்டில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் முதற்கோரிக்கை. உரிமத்தின் நோக்கமும் அதுவே.

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டம் 1971 பிப்ரவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இருபது பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ அமர்த்தும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெறுவதும், அவரிடம் பணியை ஒப்படைக்கும் நிறுவனம் பதிவு செய்துகொள்வதும் கட்டாயமாயின.

ஏட்டில் உரிமம் இருப்பது மட்டும் போதாது என்பதைத் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகள் காட்டின. ஒப்பந்தக்காரர்கள் ஆளொன்றுக்கு நாட்கூலி 9 ரூபாய் 25 காசு வீதம் ஜமாதார்களிடம் கொடுத்தனர். ஜமாதார்கள் ஒரு ரூபாயைத் தரகாகப் பிடித்துக்கொண்டு, எஞ்சிய 8 ரூபாய் 25 காசையே தொழிலாளிக்கு அளித்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23ஆவது விதி தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி 1982இல் தீர்ப்பளித்தார். பணியை ஒப்பந்தத்திற்கு விட்டதனாலேயே அரசு தன் பொறுப்பினின்று நீங்கிவிட முடியாது என்பதும் அத்தீர்ப்பில் தெளிவாயிற்று.

2025 நவம்பர் 21 முதல், பணிசார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் குறித்த 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது. உரிமத்திற்கான வரம்பு 50 தொழிலாளராக உயர்ந்துள்ளது. உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். 49 பேரை வைத்திருப்பவர் உரிமத்தினின்று விலக்குப் பெறலாம். குறைந்தபட்சக் கூலியினின்று அன்று. வருங்கால வைப்புநிதிக்கு வரம்பு 20 பேர். தொழிலாளர் அரசுக் காப்பீட்டிற்குப் பொதுவாக 10 பேர். மாணவர் இவ்வெண்களைக் குழப்பிக்கொள்வதுண்டு, அலுவலர்களுந்தான். கட்டுமானப் பணியாயின் நலவரியும் சேரும்.

கூலியை வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோ செலுத்தி, செலுத்திய விவரத்தை ஒப்பந்தக்காரர் முதன்மை வேலையளிப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுத்துவிட்டு, அத்தொகையை அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். குடிநீர், ஓய்விடம், முதலுதவி போன்ற வசதிகளும் இப்போது முதன்மை வேலையளிப்பவரின் கடமையே. இந்த ஏற்பாடு பழைய ஜமாதாரின் கையைக் கட்டும் என்பது உண்மை. ஆனால் தொழிலாளியின் வங்கி அட்டையை வேறொருவர் வைத்திருந்தால் அந்த ஒரு ரூபாய் மீண்டும் பறிபோகும். ஆதலால் இறுதிப் பட்டியலுக்குப் பணம் வழங்கும் அலுவலர், கூலிப் பதிவேட்டைப் பார்ப்பதோடு நில்லாமல் பணித்தளத்திற்கே சென்று நாலு பேரிடம் கேட்டறிவது நன்று.