உறையும் தூரிகை



வாட்டர் கலர் ஓவியத்துக்கு உயிர் தண்ணீர்தான். கடுங்குளிரில், வெட்டவெளியில், அந்தத் தண்ணீரே தூரிகை நுனியில் கட்டியாகிவிட்டால் ஓவியன் என்ன செய்வான்? நம்ம கெமிஸ்ட்ரி பாடத்தை வைத்தே பார்ப்போம்.

தூய நீர் 0 டிகிரி சென்டிகிரேடில் உறையும். அப்போது வளரும் பனிப்படிகங்கள் நிறத்துகள்களை ஓரத்துக்குத் தள்ளிவிடும். சீராகப் பூசிய வானம் பறவை இறகு மாதிரி கோடுகோடாகிவிடும். காய்ந்துவிட்டது என்று நம்பி வீட்டுக்குள் கொண்டுவந்தால் உருகி வழிஞ்சிடும்!

இதற்கு மருந்து உறைநிலைத் தாழ்வு. 1 கிலோ நீரில் 1 மோல் ஆல்கஹால் கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். எத்தில் ஆல்கஹால் 1 மோல் 46 கிராம். 250 கிராம் கலந்தால் சுமார் 10 டிகிரி இறங்கும். உப்பும் இறக்கும், ஆனால் தாளிலேயே தங்கிவிடும். ஆல்கஹால் ஆவியாகிவிடும். குளிர்நாட்டு ஓவியர்கள் சிலர் தண்ணீரில் வோட்கா கலப்பது இதனால்தான்.

ஆனால் அண்டார்டிகாவில் இந்த மருந்தும் போதாது. கேப்டன் ஸ்காட்டின் இரண்டு பயணங்களிலும் (1901-04, 1910-13) சென்றவர் டாக்டர் எட்வர்ட் வில்சன். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். பனியின் வெளிச்சம் அவர் கண்ணையும் வாட்டியது. அதனால் அவர் வெளியில் பென்சிலால் வரைந்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்வார். குடிசைக்குத் திரும்பியபின் விளக்கொளியில் வண்ணம் தீட்டுவார்.

1912 ஜனவரியில் தென் துருவத்தில், சுமார் மைனஸ் 30 டிகிரியில், தங்களை முந்திக்கொண்ட அமுண்ட்சென் குழு விட்டுப்போன கூடாரத்தை வரைந்தார். திரும்பும் வழியில் மார்ச் மாதம் இறந்துபோனார். நவம்பரில் தேடிப்போனவர்கள் கையில் அந்த ஸ்கெட்ச் புத்தகம் கிடைத்தது. வண்ணம் தீட்ட அவர் இல்லை; பென்சில் கோடு அப்படியே இருந்தது.

சர்வே பிராக்டிகலில் நாம் என்ன செய்கிறோம்? "வெயில்ல நின்னு எதுக்குடா எழுதணும், ஹாஸ்டல்ல போய்ப் போட்டுக்கலாம்" என்கிறோம். எங்க அப்பாவுக்கு எழுதத் தெரியாது. கூலிக் கணக்கை மனசிலேயே வைத்திருப்பார். கணக்கு உதைத்தால் எதிராளியின் நோட்டுதான் ஜெயிக்கும். எங்க வீட்டில் முதலில் நோட்டு பிடித்தவன் என்பதால் சொல்கிறேன்: நின்ற இடத்திலேயே ஃபீல்டு புக்கை எழுதுவோம். பிளானை அப்புறம் அழகாகப் போட்டுக்கொள்ளலாம்.

— இரண்டாமாண்டு சிவில் மாணவன்