கூடாரத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு

1. முதல் சில வாரங்கள் ஊஞ்சல் பக்கம் போக வேண்டாம். முளை அடியுங்கள், கேலரிப் பலகை சுமந்து போடுங்கள். சின்ன சர்க்கஸில் மாலையில் டிக்கெட் கிழித்தவரேதான் இரவில் கம்பி மேல் நடப்பார். கூடாரத்தைத் தன் கையால் நிறுத்தியவருக்குத்தான் எந்தக் கயிறு எதைத் தாங்குகிறது என்று தெரியும். மழைக்காலத்தில் அது உயிர் காக்கும். மணிலாக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையையே பிடுங்கிவிடும், உடனே தளர்த்துங்கள். நைலான் நனைந்தால் தொய்யும், இழுத்துக் கட்டுங்கள்.

2. பறக்கும் முன் விழப் பழகுங்கள். வலையில் முதுகு படும்படி விழ வேண்டும், தாடை மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். காலை ஊன்றினால் முட்டி போகும், கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். ஊஞ்சலில் உங்களைப் பிடிப்பவரோடு சண்டை போட்ட அன்று மேலே ஏறாதீர்கள். முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

3. லண்டனில் 1768-ல் பிலிப் ஆஸ்ட்லி குதிரை வித்தைக்கு வட்டமான களம் அமைத்தார். பிறகு 42 அடி விட்டம் என்பது சர்க்கஸ் உலகின் வழக்கமானது. நம் களம் அதைவிடச் சிறியது, அதுதான் நம் செல்வம். முன்வரிசைக் குழந்தை கை நீட்டினால் உங்கள் ஜிகினாச் சட்டையைத் தொடலாம். நீங்கள் மூச்சு வாங்குவதும் கயிறு முனகுவதும் உள்ளங்கை மாவு பறப்பதும் எல்லாருக்கும் தெரியும். மறைக்காதீர்கள். உங்களைவிட உயரமாகத் தாவுகிறவர்களை வந்தவர்கள் செல்போனில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் செல்போனில் தாவியவர் யாரும் இவர்களைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஏறும் முன் கூட்டத்தில் ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். பாதிக் கூடாரம் காலியாக இருந்தாலும் ஓர் ஐட்டத்தைக்கூடக் குறைக்காதீர்கள். வந்தவர் முழுக் காசு கொடுத்து வந்திருக்கிறார்.

4. ஜோக்கரை மதியுங்கள். ஊஞ்சலில் தவறி விழுவதுபோல் நடிக்க, விழாமல் இருக்கத் தெரிந்திருக்க வேண்டும். மேலே ஏதாவது சிக்கல் என்றால் சனங்கள் பதறாமல் பார்த்துக்கொள்பவரும் அவர்தான்.

5. “சிங்கம் எங்கே?” என்று கேட்பார்கள். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கிக் காட்ட மத்திய அரசு 1998-ல் தடை விதித்தது; உச்ச நீதிமன்றம் 2001-ல் அதை உறுதிசெய்தது. கூட்டம் குறைந்தது உண்மை. ஆனாலும் கூண்டுக்குள் அடைபட்ட உயிரைக் காட்டிச் சம்பாதித்ததை விட்டது நல்லது என்றே நினைக்கிறேன். தயங்காமல் அப்படியே சொல்லுங்கள்.

6. கிளம்பும்போது முளைக்குழிகளை மூடிவிட்டுப் போங்கள். மறுநாள் பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் ஆடுவார்கள்.

7. கேரளத்துத் தலச்சேரியை அறிந்துகொள்ளுங்கள். விஷ்ணுபந்த் சத்ரேயின் கிரேட் இந்தியன் சர்க்கஸ் அங்கே வந்தபோது, உடற்பயிற்சி ஆசிரியரான கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அவரைச் சந்தித்தார். பின்னர் குஞ்ஞிக்கண்ணன் 1901-ல் சிறக்கரையில் ஒரு சர்க்கஸ் பள்ளியையே தொடங்கினார். இந்தியக் கூடாரங்களில் ஆடிய பலருக்கும் வித்தை வந்த வழி அது. கேரள அரசு 2010-ல் தலச்சேரியில் தொடங்கிய சர்க்கஸ் அகாடமி நிலைக்கவில்லை. இப்போது வித்தை கற்கக் கூடாரத்தைவிட்டால் வேறு இடம் அதிகமில்லை. நீங்கள் ஒரு வித்தையில் தேறியதும், உங்களுக்குப் பின் வருபவர் ஒருவரையாவது பக்கத்தில் நிறுத்தி, பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.